காப்பித்தூள் விலை ஏறும்போது சிக்கரியை ஏற்றலாமா?



காப்பித்தூள் விலை ஏறினால் வாடிக்கையாளர் முதலில் கேள்வி கேட்பது மளிகைக் கடைக்காரரைத்தான். ஆனால் காரணம் பல சமயம் கடல் கடந்து இருக்கிறது. உலகில் அதிகமாகக் காப்பி விளையும் நாடு பிரேசில். அங்கே 1975, 1994, 2021 ஆண்டுகளில் உறைபனியால் செடிகள் கருகின. 2024இல் வறட்சி. அதன் விளைவாக 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. முன்பு நம் நாட்டுக் காப்பியைக் காப்பி வாரியமே திரட்டி விற்றது. 1996 முதல் தோட்டக்காரர்கள் தாங்களே விற்பதால், உலக விலையின் ஏற்றமும் இறக்கமும் கோட்டாறு சந்தைவரை வந்துவிடுகின்றன.

முதலில் வறுவல் கணக்கு. பச்சைக் கொட்டை 100 கிலோ வறுத்தால் 80 முதல் 85 கிலோதான் நிற்கும். ஆகவே கொட்டை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் தூளுக்கு சுமார் 12 ரூபாய் ஏறும்.

அடுத்தது கலவைக் கணக்கு. உதாரணமாக, காப்பித்தூள் கிலோ 700, சிக்கரி 150 என்று வைத்துக்கொள்வோம். 80:20 கலவையின் அடக்கம் 590 ரூபாய். 60:40 என்றால் 480 ரூபாய். கிலோவுக்கு 110 ரூபாய் மிச்சம்! சபலம் இங்கேதான் பிறக்கிறது.

1994 விலையேற்றத்தில் நானும் சபலப்பட்டேன். விலையை அப்படியே வைத்து, சொல்லாமல் சிக்கரியைக் கூட்டினேன். நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு ஓட்டல்காரர், "அண்ணாச்சி, நிறம் இருக்கு, மணம் இல்லையே" என்றார். அவ்வளவுதான், மறுவாரம் முதல் அவர் வரவில்லை. காப்பித்தூளோடு அவர் வாங்கிய சீனி, பருப்பு வியாபாரமும் போயிற்று.

நாம் செய்ய வேண்டியவை:

1. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டில் இரண்டின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும். இது சட்டம். சில்லறைத் தூளுக்கும் விகிதத்தைப் பலகையில் எழுதி வையுங்கள்.

2. 80:20, 60:40 இரண்டையும் தனித்தனி விலையில் வையுங்கள். எது வேண்டும் என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கட்டும்.

3. கால் கிலோ வாங்கியவர் தயங்கினால், 100 கிராம், 50 கிராம் கொடுங்கள். தரம் குறையாது, தூளும் மணம் போகுமுன் தீரும்.

4. கொள்முதல் விலை இறங்கினால் நாமும் இறக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஏற்றத்தை வாடிக்கையாளர் நம்புவார்.

விலையை ஏற்றினால் ஒரு நாள் முணுமுணுப்பு. கலவையை மாற்றினால் ஆயுளுக்கும் சந்தேகம். நாணயமே நமது முதல்.