கிட்னி வருத்தம்: பாதி வைத்தியம் நம் கையில்



“கால் வீங்கல்ல, மூத்திரம் நல்லாத்தானே போகுது. நான் ஏன் கிளினிக் போகணும்?” என்று லயத்தில் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் சின்ன வடிகட்டிகள் இருக்கின்றன. பாதி பழுதானாலும் வெளியே தெரியாது. நாட்பட்டுப் பழுதானது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

1. பிரஷர், சீனி வருத்தத்துக்குத் தந்த குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். “இப்ப நல்லா இருக்கு” என்பது குளிசை செய்யும் வேலை.

2. உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. ரொட்டி, சம்பல், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

3. கூடை சுமந்து இடுப்பு வலித்தால் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வருத்தத்தைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

4. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். “கிரியட்டினின் எவ்வளவு? போன முறையைவிடக் கூடவா?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கிளினிக் போனால் ஒரு பேர் போய்விடுமே என்ற கவலை எனக்கும் தெரியும். ஆனால் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்யும் நிலை வந்தால், வாரத்துக்கு 2, 3 நாள் ஆஸ்பத்திரியில். அப்போது எத்தனை பேர் போகும்? இன்று ஒரு பேர் போனால் போகட்டும். கொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.