பெட்ரோல் பங்க்கில் குழாய் யார் கையில்?



ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போனாலும் சரி, சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோவில் பக்கம் போனாலும் சரி, வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் இது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். இப்போது வங்கிக்கும், வட்டார அலுவலகத்துக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் நாமே ஸ்கூட்டியை எடுக்கிறோம். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று வண்டி வாங்கிய பெண்களும் உண்டு. இன்னொரு பக்கம், சீருடை போட்டுக்கொண்டு பெட்ரோல் போடுகிற வேலையிலும் நம் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பாடம், வண்டியில் வருகிறவருக்கும் குழாயைப் பிடித்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

மலேசியாவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர்கள் ஊருக்கு வந்தால் ஒன்று சொல்லுவார்கள். "அங்கேயெல்லாம் பெட்ரோல் போட ஆளே கிடையாது, நாமளேதான் போட்டுக்கணும்" என்பார்கள். உண்மைதான். முதலில் உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும், அல்லது கார்டைத் தேய்க்க வேண்டும். பிறகு குழாயை எடுத்து நாமே போட்டு, நாமே மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும். செல்ஃப் சர்வீஸ் ஓட்டலில் தட்டை நாமே எடுத்து வருகிற மாதிரி. கேட்க நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆள் என்ன ஆனார்? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்று ஒரு மாநிலம். தமிழர்களும் நிறையப் பேர் இருக்கிற இடம். அங்கே இன்றைக்கும் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போடக் கூடாது, ஆள்தான் போட வேண்டும் என்பது சட்டம். 1949-இல் வந்தது. தீ விபத்து பயம் என்று காரணம் எழுதினார்கள். அதன் பின்கதை வேறு. இர்விங் ரைங்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு ஒரு பங்க் திறந்து, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று காலன் 18.9 சென்ட்டுக்கு விற்றார் (ஒரு காலன் ஏறக்குறைய 3.8 லிட்டர்). மற்ற பங்க்குகளில் 21.9 சென்ட். கூட்டம் அலைமோதியது. எதிரிகள் அவருடைய பங்க்கைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவர் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டார்! அதற்குப் பிறகுதான் மற்ற முதலாளிகள் சேர்ந்து சட்டமன்றத்துக்குப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆக, வேலைக்காரர் மேல் உள்ள பரிவினால் மட்டும் வந்த சட்டம் இல்லை அது. ஆனாலும் பலன் வேலைக்காரருக்கும் கிடைத்தது.

ஆரிகன் என்ற இன்னொரு மாநிலம் 1951-இல் இதே மாதிரி தடை போட்டது. 2023-இல் அந்தத் தடையைத் தளர்த்தி, விரும்பினால் நீங்களே போடலாம் என்று விட்டுவிட்டார்கள். பிரேசில் நாடு நேர்மாறு. 2000-ஆம் ஆண்டு நாடு முழுவதும் தானே போடும் பம்புகளுக்குத் தடை விதித்துச் சட்டம் செய்தது. பெட்ரோல் போடும் தொழிலாளர் வேலை போகக் கூடாது என்பது நோக்கம். அபுதாபியில் 2018-இல் அரசு நிறுவனம் நடத்தும் பங்க்குகளில் ஆளை வைத்துப் போட்டுக்கொள்ள 10 திர்ஹாம் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். அதுவரை இலவசம் என்று நினைத்த வேலைக்கு ஒரு விலை இருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜப்பான் கதை எனக்குப் பிடித்தது. அங்கே 1998-இல்தான் தானே போடும் முறைக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனாலும் ஆளை முழுக்க எடுத்துவிடவில்லை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியையும் கவனித்து, எல்லாம் சரி என்று அனுமதி கொடுத்தால்தான் பெட்ரோல் வரும். யார் போட்டாலும் பொறுப்பாக ஒரு கண் தேவை என்று வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊரில் நாமே போட்டுக்கொண்டால் விலை குறையுமா? குறையாது. அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்க்கில் விலையை அந்த நிறுவனம்தான் சொல்கிறது. 2017 ஜூன் முதல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை வந்தது. பங்க்காரருக்குக் கமிஷன் மட்டுமே. பெட்ரோலுக்கு லிட்டருக்கு நான்கு ரூபாயை ஒட்டி, டீசலுக்கு அதைவிடக் குறைவு. ஆளை எடுத்துவிட்டால் மிச்சமாகும் சம்பளம் தானாக நம் பர்சுக்கு வந்துவிடாது. நம் பக்கத்துப் பெண் பிள்ளைக்கு வேலை மட்டும் போகும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்து, வெளியூர் போக வீட்டில் விடாத பெண்ணுக்கு ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. ஆகவே ஆள் போடுகிற முறையே நமக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை.

வண்டியில் வருகிறவர் கவனிக்க

மல்லாட்டை மூட்டையை எடை போடும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கிறோமா? ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிய காலத்தில் நுரை அடங்கட்டும் என்று நின்றோமே! பங்க்கில் மட்டும் ஏன் கூச்சம்? இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஸ்கூட்டிகளில் டேங்க் மூடி சீட்டுக்கு அடியில். இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, சீட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் பர்சைக் கையில் எடுத்து, சேலையை ஒதுக்கி... இத்தனையும் முடிவதற்குள் பெட்ரோல் ஓட ஆரம்பித்துவிடும். மீட்டர் நம் முதுகுக்குப் பின்னால். எனவே சீட்டைத் திறந்த பிறகு, மீட்டர் முகம் தெரிகிற பக்கம் போய் நின்றுகொண்டு, "பூஜ்யம் காட்டுங்க, அப்புறம் போடுங்க" என்று சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல பங்க்கில் அவர்களே "ஜீரோ பாருங்கம்மா" என்பார்கள்.

ஒரு பழைய தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 500 ரூபாய்க்குக் கேட்கிறீர்கள். 200-இல் நிறுத்திவிட்டு, "இருநூறுன்னு காதுல விழுந்துச்சு" என்பார். மீதியைப் போடுங்கள் என்றால், மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் 200-இலிருந்தே ஓட்டுவதாகக் காட்டி வேறு எங்காவது பேச்சுக் கொடுப்பார்கள். அப்படி நின்றுபோனால் அதுவரை போட்டதற்குப் பணத்தைக் கொடுத்து பில் வாங்குங்கள். மறுபடி பூஜ்யத்திலிருந்து 300-க்குப் போடச் சொல்லுங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால், ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவை இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசத்தைத்தான் விதி பொறுத்துக்கொள்கிறது. பம்புகளைச் சோதித்து முத்திரை போடுவது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை. தரத்தில் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும். காற்று, குடிநீர், கழிப்பறை, புகார்ப் புத்தகம் இவையும் இருக்க வேண்டியவை. பெண்கள் கழிப்பறைச் சாவியைக் கேட்கத் தயங்க வேண்டாம். பங்க்கில் பேசித் தீராத புகாரை 1915 என்ற நுகர்வோர் எண்ணில் சொல்லலாம்.

பாட்டிலில் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்துப் பெட்டிக்கடைகளில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தொங்கும். உரிமம் இல்லாமல் விற்பது குற்றம் என்பது ஒரு புறம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். கொல்லையில் வைத்த பாட்டில் கசிந்தால் ஆவி அடுப்படி வரை வரும். நெருப்பு அடுப்பிலிருந்து பாட்டிலுக்குத் திரும்பும். வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

குழாயைப் பிடித்திருப்பவர் கவனிக்க

இந்த வேலையில் பாதி கைவேலை, பாதி கணக்கு. கணக்கில்தான் பல பெண்கள் நஷ்டப்படுகிறார்கள். ஷிப்ட் முடிவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. எனவே வேலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டர் எண்ணைச் சொந்த நோட்டில் எழுதுங்கள். உதாரணமாக ஏறும்போது 48,210 லிட்டர், இறங்கும்போது 48,695. வித்தியாசம் 485. காலையில் அளவு சோதித்துத் திரும்ப டேங்கில் ஊற்றிய 5 லிட்டரைக் கழித்தால் 480. கணக்குக்குச் சுலபமாக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 48,000 வர வேண்டும். ஜிபே 31,500, கார்டு 4,500 என்றால் ரொக்கம் 12,000 கையில் இருக்க வேண்டும். குழுவில் வரவு செலவு நோட்டு எழுதுகிற நமக்கு இது ஒரு பெரிய வித்தை இல்லை. ஜிபேயில் சத்தம் கேட்டதை மட்டும் நம்பாமல் எவ்வளவு தொகை வந்தது என்று பார்க்க வேண்டும். கூட்ட நேரத்தில் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 480 லிட்டருக்கு முதலாளிக்குக் கிடைக்கும் கமிஷன் சுமார் 1,900 ரூபாய். அதில்தான் கரண்டு, ஆவியாகிப் போகிற நஷ்டம், சம்பளம் எல்லாம். அதைச் சொல்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுக்க முடியாது. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எட்டு மணி நேரம் நின்று கால் வீங்குகிற பெண் வண்டி இல்லாத நேரத்தில் உட்கார நாற்காலி கேட்பது சலுகை அல்ல.

உடம்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. இப்போதைய தரத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. வருடக்கணக்கில் அதிகமாகச் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். டேங்க் வாயில் முகத்தைக் கொண்டுபோகாமல் காற்று வீசுகிற பக்கமாக நில்லுங்கள். குழாய் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். பெட்ரோல் சிந்திய துணியை உடனே மாற்றுங்கள். கர்ப்பமாக இருந்தால் பணம் வாங்கும் அறையில் வேலை கேளுங்கள்.

நாமே பங்க் நடத்தலாமா?

2023 ஆகஸ்டில் சென்னை புழலில் சிறைத்துறை, பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க்கைத் திறந்தது. 2025 பிப்ரவரியில் தெலங்கானாவின் நாராயணப்பேட்டையில் மகளிர் குழுக்களின் மாவட்டக் கூட்டமைப்பு நடத்தும் பங்க் திறக்கப்பட்டது. செய்தியைப் பார்த்ததும் நமக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சாலையோரம் தகுந்த நிலம் வேண்டும். எண்ணெய் நிறுவனத்தின் ஒப்புதல், மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். லாரி லோடுக்குப் பெரும்பாலும் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒரு லோடு என்றாலே பல லட்சம். லிட்டருக்கு நான்கு ரூபாய் கமிஷனில் வட்டிக்குக் கடன் வாங்கிப் பணத்தைப் புரட்டினால் வட்டியே கமிஷனைத் தின்றுவிடும். மேலே சொன்ன இரண்டு இடத்திலும் பின்னால் அரசு நின்றது என்பதை மறக்க வேண்டாம்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் குழு உறுப்பினர் வீட்டிலிருந்து பங்க் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கொடுங்கள். எல்லா ஊராட்சியிலிருந்தும் விவரம் சேர்ந்த பிறகு தொழிலாளர் துறை அலுவலரை நம் கூட்டத்துக்கே அழைத்துப் பேசலாம்.