தோளுக்குப் பின்னால் ஒலித்த பித்தளை

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பித்தளை பேண்டு இசையை இன்று கேட்க முடியுமா?

பதில்: அன்றைய வாசிப்பு எதுவும் பதிவாகவில்லை. போர் முடிந்தது 1865-இல். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியான ஃபோனோகிராஃப் வந்தது 1877-இல். ஆனால், வட கரோலினாவின் 26-ஆம் படைப்பிரிவு பேண்டின் கையெழுத்து இசை ஏடுகள் தப்பிப் பிழைத்தன; அவற்றைக் கொண்டு அந்த இசையைப் பிற்காலத்தில் மீண்டும் வாசிக்க முடிந்தது. எவ்வளவு பெரிய கொடுப்பினை!

இசை நடத்துநர் ஃபிரெட்ரிக் ஃபெனெல் 1960களின் தொடக்கத்தில் ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள் கலைஞர்களைக் கொண்டு, அக்கால வாத்தியங்களிலேயே மெர்குரி நிறுவனத்துக்குப் பதிவு செய்த இசைத்தட்டுகளை முதலில் தேடுங்கள். அந்தக் காலத்து சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளைக் குழல் வாத்தியங்கள் பலவற்றின் அகன்ற வாய், வாசிப்பவரின் தோளுக்கு மேலாகப் பின்னோக்கி இருக்கும். பேண்டு முன்னே நடக்க, பின்னால் அணிவகுத்து வரும் வீரர்களுக்கு இசை கேட்க வேண்டுமே! குழல் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போவதால் ஒலியில் இன்றைய டிரம்பெட்டின் கூர்மை இல்லை. உருண்டு, கனிந்து வருகிறது. மெதுவான பாடல் மெட்டுகளில் அதன் அழகு முழுதாகத் தெரியும். அணிநடைகளை விட அவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்கன் பிராஸ் குயின்டெட்டின் ‘தி யாங்கி பிராஸ் பேண்ட்’ தொகுப்பும் நல்ல தேர்வு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து அசல் வாசிப்பே வேண்டுமென்றால், அமெரிக்க மரீன் பேண்டின் மெழுகு உருளைப் பதிவுகள் உண்டு. இரைச்சல் அதிகம், ஒவ்வொன்றும் சில நிமிடங்களே.