பொலன்னறுவையிற் கற்ற பாடம்

தேசசரித்திரத்தை ஏட்டிற் படிப்பதோடு நில்லாது, அது நிகழ்ந்த இடங்களுக்கே சென்று கற்றல் வேண்டுமென்பதை ஆசிரியர் பலரும் ஒப்புவர். ஆயினும், அவ்வாறு சென்று மீண்ட மாணாக்கரை யாது கண்டீர் என வினவினால், பெரிய சிலைகளையும் இடிந்த சுவர்களையும் கண்டோம் என்பதற்குமேல் விடை பெறுதல் அரிது. இக்குறை அவர்களுடையதன்று. கண்முன் நிற்கும் கல்லை எவ்வாறு வினவுவதென்று நாம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. மாணாக்கரோடு பொலன்னறுவைக்குச் சென்றபோது இதனை நாமே நன்குணர்ந்தோம்.

அந்நகரிலே ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என வழங்கும் சிறு கோயிலொன்றுண்டு. இஃது ஆராய்ச்சியாளர் அடையாளத்துக்காக இட்ட எண், பெயரன்று. அக்கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனமோ வானவன்மாதேவி ஈச்சுரம் என்னும் பெயரைத் தருகின்றது. வானவன்மாதேவி முதலாம் இராசராசனின் தேவி. முதலாம் இராசேந்திரனின் தாய். 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபாகத்தை வென்ற சோழர், பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் எனப் பெயர்சூட்டி, அதனைத் தம் ஆட்சித்தலமாக்கினர். அந்நகரத்துப் பெருங் கட்டடங்களுட் பல செங்கல்லால் ஆயவை; இக்கோயிலோ அடிமுதல் முடிவரை கல்லால் ஆயது. கட்டடத்தின் பெயரையும் அதனை ஆக்கிய பொருளையும் அறிந்த அளவிலே, அதுகாறும் நிழல் தேடி நின்ற மாணாக்கர் சுவரைச் சுற்றிவந்து நோக்கத் தொடங்கினர்.

அவ்வேளையில் ஒரு மாணாக்கன், இந்நகரில் எங்களவை எவை, பிறரவை எவை என்று வினவினான். வினா நேர்மையானதே. எனினும் உடனே விடை கூற நமக்கு மனம் வரவில்லை. அனைவரையும் அழைத்துக்கொண்டு தெற்கே தளதா மளுவைக்கு நடந்தோம்.

1070ஆம் ஆண்டிற் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு மன்னன், புத்தரின் தந்ததாதுவுக்கு அங்கு ஆலயம் எடுப்பித்தான். அதனருகே நிற்கும் கற்பலகையில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட தமிழ்ச் சாசனமொன்று உளது. வேளைக்காரர் என்னும் படையினர், முகலன் என்னும் பௌத்த மகாதேரர் வேண்டிக்கொள்ள, அவ்வாலயத்தைத் தம் காவலில் ஏற்றனர். மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனப் பெயருமிட்டனர். தம் மரபு உள்ளளவும் அதனைக் காப்பதாகவும் உறுதி கூறினர். இவர்களே விஜயபாகு சோழர்மீது படையெடுக்கப் பணித்தபோது மறுத்துக் கிளர்ந்து, அரண்மனைக்குத் தீயிட்டவர்கள் என்று சூளவம்சம் கூறும். தீயிட்டமையை மறைத்துக் காவலை மட்டுங் கூறுதலும், காவலை மறைத்துத் தீயிட்டமையை மட்டுங் கூறுதலும் சரித்திரமாகா. இரண்டையும் மாணாக்கர்க்குக் கூறினோம்.

சாசன எழுத்தை வாசித்தல் எளிதன்று. பழஞ் சாசனங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி காண்டல் அரிது, சொற்களுக்கிடையே இடைவெளியுமில்லை. தமிழாசிரியராகிய நாமும் தடுமாறினோம். அச்சிலுள்ள வாசகத்தைப் பிரதிசெய்து சட்டைப்பையில் வைத்திருந்தமையால் ஒருவாறு மானந் தப்பிற்று! வினவிய மாணாக்கன் கல்லருகே வெகுநேரம் குனிந்துநின்று, சில எழுத்துக்களைத் தானே கண்டுகொண்டான். தன் வினாவை அவன் மீட்டும் எழுப்பவில்லை; நாமும் நினைவூட்டவில்லை.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணாக்கருட் பலர், மட்டக்களப்புக்குச் செல்லும் வழியிற் பொலன்னறுவையைக் கடந்திருப்பர். அடுத்தமுறை செல்லும்போது பிள்ளைகளையும் உடன்கொண்டு காலையிலேயே இறங்குக. வெயிலேறியபின் கற்றளத்திற் பாதம் வைத்தல் இயலாது. அனைத்தையும் ஒரே நாளிற் காண முயலற்க. வானவன்மாதேவி ஈச்சுரமும் வேளைக்காரர் சாசனமும் ஒரு முற்பகலுக்குப் போதும். சாசன வாசகத்தின் பிரதியை மறவற்க. 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் அந்நகரின் முதலாம் சிவ தேவாலயத்தருகே அகழ்ந்தெடுத்த சைவ வெண்கலப் படிமங்களிற் பல கொழும்பு நூதனசாலையிலுள்ளன. நம் மாணாக்கர் அவற்றை இன்னுங் கண்டிலர். அடுத்த பிரயாணம் அங்கேயென முடிவுசெய்துள்ளோம்.