இருபது நிமிடம் முந்தி ஓடிய கேமரா

கேள்வி: மதுரையில் பலசரக்குக் கடை நடத்தும் வாசகர் ஒருவரின் கடை வாசலில் வாடிக்கையாளரின் பைக் அண்மையில் களவு போனது. ஐபி கேமராவில் ஆளின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. கேமரா மாட்டிக் கொடுத்தவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்ப, வாசகர் அதைப் பென் டிரைவில் ஏற்றிக் காவல் நிலையத்தில் கொடுத்தார். "ஹேஷ் வேல்யூ எங்கே, சான்றிதழ் எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். போதாக்குறைக்குத் திரையில் ஓடும் நேரம் 20 நிமிடம் முந்தி இருக்கிறது. இந்த வீடியோ கோர்ட்டில் நிற்குமா?

பதில்: நிற்க வைக்கலாம். ஆனால் அந்தப் பென் டிரைவை வைத்து அல்ல, கல்லாவுக்கு அடியில் கேமராப் படங்களைப் பதிந்துகொண்டிருக்கும் என்விஆர் பெட்டியை வைத்து.

வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பும்போதே மேலும் சுருக்கிவிடுகிறது. கண்ணுக்கு அதே படம்தான், கோப்பு வேறு. ஹேஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு வரும் எழுத்து-எண் வரிசை. எஸ்ஹெச்ஏ256 முறையில் 64 இடங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை மொத்தமும் மாறும். எனவே அசலின் ஹேஷும் பென் டிரைவில் இருப்பதன் ஹேஷும் பொருந்தாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

அவசரமான வேலை ஓவர்ரைட்டைத் தடுப்பது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் என்விஆர் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கிவிடும். எத்தனை நாளில் என்பது டிஸ்க்கின் கொள்ளளவு, கேமராக்களின் எண்ணிக்கை, சுருக்குவது எச்.264-ஆ எச்.265-ஆ என்பதைப் பொறுத்தது. டெக்னீஷியனை அழைத்து, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, சீரியல் எண்ணைக் குறித்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது நல்லது. கேமராவுக்குள் மெமரி கார்டு இருந்தால் அதையும்தான். ஒரே வீடியோ ஓரிடத்தில் சேமிக்கப்படும்போதே இன்னோரிடத்துக்கும் அனுப்பப்பட்டிருந்தால், சேமிக்கப்பட்ட ஒவ்வொரு பதிவும் முதன்மைச் சான்று என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 57ஆம் பிரிவு.

நேரத் தகராறு கடைத்தெருவுக்கு மட்டும் உரியதல்ல. 2014 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில், ஜால்னா தொகுதியில் அர்ஜுன் கோட்கரின் வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேர்ந்ததா என்பதே வழக்கு. தேர்தல் அலுவலர் அறையின் கேமராப் பதிவு சிடியாகக் கிடைத்தது. கேட்டுக் கேட்டும் அதிகாரிகள் அந்தப் பதிவுக்கான சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம், தர மறுப்பவரிடமிருந்து நீதிமன்றத்தின் மூலம் கேட்டுப் பெறலாம், உரிமையாளரே அசல் கருவியோடு கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. அந்தத் தீர்ப்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றியது. அதன் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு.

வாசகரின் 20 நிமிடத்துக்குக் காரணம் பெரும்பாலும் எளியது. நெட்வொர்க் வழியே சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும் என்டிபி அமைப்பை யாரும் முடுக்கிவிட்டிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டுக் கடிகாரத்தைத் திருத்திவிடக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றும் முன், திரையில் ஓடும் நேரமும் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து, வித்தியாசத்தைப் போலீஸ் வாக்குமூலத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்ட குறை விளக்கம் ஆகும். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அதுவே சந்தேகம்.

சான்றிதழ் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 'ஏ' பகுதியில் கையெழுத்திட வேண்டியவர் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது கடைக்காரர், டெக்னீஷியன் அல்ல. 'பி' பகுதி நிபுணருடையது. படிவத்தில் டிவிஆருக்குக் கட்டம் உண்டு, என்விஆருக்கு இல்லை. அனலாக் கேமராவின் சிக்னலை வாங்கித் தானே டிஜிட்டலாக்குவது டிவிஆர். கேமராவே டிஜிட்டலாக்கி அனுப்புவதைப் பதிவது என்விஆர். ஆகவே 'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்து, என்விஆர் என்று எழுதி, மாடலும் சீரியல் எண்ணும் சேர்ப்பதே சரி.

எதிர்க்கடைக் கேமராவிலும் அந்த ஆள் விழுந்திருந்து, அந்தக் கடைக்காரர் தயங்கினால், வாசகர் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 94ஆம் பிரிவின்படி அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உண்டு. அப்படி வாங்கும்படி அவரிடம் எழுத்தில் கோரிக்கை கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்; எதிர்க்கடை டிஸ்க்கும் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும்.