படர்தாமரைக்கு அந்த ட்யூப் வேண்டாம்

தங்கச்சிகளா, பாவாடை நாடா இறுகுகிற இடுப்பிலோ, தொடையிடுக்கிலோ, மார்புக்குக் கீழேயோ அரிப்பு எடுத்தால் முதலில் நல்ல வெளிச்சத்தில் பாருங்க. வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகச் செதில் உதிர்ந்து, நடுவில் மட்டும் ஆறின மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது படர்தாமரைதான். உடம்புச் சூடும் இல்லை, ரத்தம் கெட்டதும் இல்லை, பூஞ்சைத் தொற்று.

உடனே மெடிக்கல் ஷாப்பில் போய் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று மட்டும் கேட்காதீங்க. அப்படிக் கேட்டு வாங்குகிற பல ட்யூப்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருந்தால் வைத்துவிடுங்க. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கிவிடும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கும். மேலுக்கு ஆறின மாதிரி தெரிய, அடியில் அது பரவிக்கொண்டே போகும். வட்ட வடிவமே கலைந்துபோய், டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் பிரசவத் தழும்பு மாதிரி வரி விழும். அந்த வரி முழுசாக மறையாது. சிவப்பழகு க்ரீம் என்று சொல்லி விற்கிற சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டு உண்டு. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். அப்படியும் கைக்குக் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய கவலை.

பூஞ்சைக்கான மருந்தே வாங்கினாலும் பாதியில் விடக் கூடாது. மேல்தோலின் அடியில் பிறக்கிற செல்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் நிறைந்த செத்த செதிலாகி உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். இந்தப் பூஞ்சைக்கு அந்தக் கெரட்டின்தான் சாப்பாடு. அரிப்பு நின்றதும் ட்யூபை மூடி வைத்தால், மிச்சமிருப்பது மறுபடி கிளம்பும். தடிப்பு மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை பூசுங்க. தடிப்பைத் தாண்டி இன்னும் 2 விரல் அகலத்துக்குப் பூசணும், ஏனென்றால் பூஞ்சை மும்முரமாக இருப்பது ஓரத்தில்தான்.

குளித்ததும் மடிப்புகளை ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்க. ஈர உள்ளாடை, இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம். உங்கள் துண்டு உங்களுக்கு மட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்க. உள்ளாடையைப் பிறர் கண்ணில் படாமல் மறைவில் காயப்போடுகிற பழக்கத்தை இதற்காகவாவது விடணும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்கணும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறி வரும்.

குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டமாகச் செதில் தெரிந்தால் க்ரீமை நம்பி உட்காராதீங்க. அது முடியின் வேர்வரை எட்டாது, மாத்திரை தேவைப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எதையும் பூசாமல் தோல் டாக்டரிடம் போயிடுங்க. போகும்போது இதுவரை பூசின எல்லா ட்யூபையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்க. திட்டுவாரோ என்று ஒன்றைக்கூட ஒளிக்காதீங்க. ஸ்டீராய்டை ரொம்ப நாள் பூசியிருந்தால், நிறுத்தினதும் சிவப்பும் எரிச்சலும் கூடலாம். எதை எவ்வளவு நாள் பூசினீங்க என்று தெரிந்தால்தான் அவரால் அதற்கும் சேர்த்து மருந்து எழுத முடியும்.