மீதி 57 நிமிடம்



என் சித்தி மகனுக்கு அடுத்த மாதம் மாவட்ட ஹாக்கித் தேர்வு. போன வாரம் என்னிடம் கேட்டான்: "அண்ணே, செலக்‌ஷன்ல என்னதான் பார்ப்பாங்க?"

அவன் வயதில் நான் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

படிவம் மூன்று படிக்கும்போது நானும் ஒரு தேர்வுக்குப் போனேன். பந்தை வாங்கி மூன்று பேரை வெட்டிக் கடந்தேன். திடலோரம் நின்ற நண்பர்கள் கத்தினார்கள். நாலாவது ஆள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். நான் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டேன். பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கேபிள் இருக்கிறவனத்தான் எடுக்கிறாங்கம்மா" என்றேன். ரெண்டு வருஷம் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

பிறகு ஒரு பள்ளிப் போட்டியில் ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வந்த ஒரு மூத்த பயிற்றுநர். பந்து ஒரு பக்கம் போனால் அவர் கண் இன்னொரு பக்கம் போனது. ஏன் சார் என்று கேட்டேன். "கையில பந்து இருந்தா எல்லாருமே சுறுசுறுப்புதான் தம்பி. இல்லாதப்ப என்ன செய்யறான்னு பார்க்கிறேன்" என்றார்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அனைத்துலக ஆட்டம் 60 நிமிடம். 15 நிமிடமாக நான்கு பகுதி. திடலில் 22 பேர். பந்து ஒரு நொடிகூட நிற்காமல் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தாலும், ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட வராது. மீதி 57 நிமிடம் பந்து இல்லாமல்தான் ஆடுகிறோம். நான் தயாரானது அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும். தேர்வாளர் பார்த்தது என் 57 நிமிடத்தையும் சேர்த்து.

அப்படியானால் அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள்?

முதலாவது, பந்து வருவதற்கு முன் நீங்கள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்களா? பார்த்தவனுக்கு அடுத்து எங்கே தள்ளுவது என்று முன்பே தெரியும். பார்க்காதவன் பந்தை வாங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குவான். அதற்குள் எதிராளி வந்துவிடுவான்.

இரண்டாவது, முதல் தொடுகை. ஹாக்கி மட்டையில் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். அதனால் இடப்பக்கம் வரும் பந்துக்கு மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பந்தை நிறுத்தத் தெரியுமா, முழங்கால் மடங்கி உடம்பு தாழ்ந்திருக்கிறதா, வாங்கிய பந்து அடுத்த வேலைக்குத் தோதான இடத்தில் நிற்கிறதா? சில பந்துகளிலேயே இது தெரிந்துவிடும்.

மூன்றாவது, பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடி. திரும்பி ஓடி விரட்டுகிறீர்களா, என்னைப் போல இடுப்பில் கை வைக்கிறீர்களா? களைத்துப்போன கடைசிப் பகுதியிலும் அதே ஓட்டம் இருக்கிறதா?

நான்காவது, காது. பயிற்றுநர் ஒன்றைத் திருத்திச் சொன்னால் அடுத்த முறை அதைச் செய்து பார்க்கிறீர்களா? முதல் தடவையே சரியாக வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கற்றுக்கொள்கிற பிள்ளையா என்றுதான் பார்க்கிறார்கள்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். குமார் சுப்பிரமணியம், ஜொகூர் பாரு தம்போய்க்காரர். மலேசிய அணிக்காக 300 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய கோல் கீப்பர். கோல் கீப்பரைவிட அதிக நேரம் பந்துக்காகக் காத்திருப்பவர் யார்? 2018 ஆகஸ்டில், ஜகார்த்தா ஆசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவுடன் ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. ஷூட்-அவுட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் 23 மீட்டர் கோட்டிலிருந்து 8 நொடிக்குள் கோல் அடிக்க வேண்டும். அதில் மலேசியா 7-6 என்று வென்றது. இந்தியாவின் கடைசி முயற்சியைத் தடுத்த குமாருக்கு அப்போது வயது 38. ஒரு மணி நேரம் நின்ற பிறகும் மனசு விழிப்பாக இருந்தது, பாருங்கள். இறுதியாட்டத்தில் ஜப்பானிடம் ஷூட்-அவுட்டில் தோற்று வெள்ளிதான் கிடைத்தது. ஆனாலும் அந்த அரையிறுதியை நாம் மறக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்வாளர் கண்ணும் தவறும். 15 வயதுக்குட்பட்டோர் அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த வயதில் பதினோரு மாத வளர்ச்சி பெரிய வித்தியாசம். உயரத்தைப் பார்த்துத் திறமை என்று நினைத்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. ஆகவே ஒரு பட்டியலில் பெயர் வராதது உங்களைப் பற்றிய கடைசித் தீர்ப்பு இல்லை. மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளி விளையாட்டுகள் என்று படிகள் நிறைய. பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. திரும்பவும் போங்கள். ஆனால் போவதற்கு முன் உங்கள் 57 நிமிடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் போல "கேபிள்" என்று சொல்லி ரெண்டு வருஷத்தை வீணாக்காதீர்கள்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பயிற்சி. 21 வயதுக்குட்பட்டோருக்கான சுல்தான் ஜொகூர் கிண்ணம் 2011-இல் தொடங்கியது. தாமான் டாயா ஹாக்கி அரங்கில் நடந்து வருகிறது. அடுத்த முறை நண்பர்களோடு போங்கள். ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதி முழுக்க, 15 நிமிடமும் அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண்ணைத் திருப்பாதீர்கள். எத்தனை தடவை திரும்பிப் பார்த்தார், பந்து போன பிறகு எத்தனை தடவை விரட்டி ஓடினார் என்று எழுதுங்கள். பிறகு உங்கள் ஆட்டத்தையும் ஒருவரை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

சித்தி மகனுக்கு நான் நேற்று எழுதிக் கொடுத்தேன். 15 நிமிடத்தில் நாலு தடவைதான் திரும்பிப் பார்த்திருந்தான். தாளைப் பார்த்து முகம் சுண்டிப்போச்சு. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நாளைக்கும் வந்து எழுதுறீங்களா?" என்றான்.

நாலாவது விஷயம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.